கொலுப்படி ஏறின லேப்டாப்

வாங்க, எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. போன வாரம் அடையாறுல ஒரு கஸ்டமர் வீட்டுல டி.வி.யில படம் வரலைன்னு, உங்கள்ல ரெண்டு பேர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு திரும்பி வந்தீங்களாமே? டி.வி. பழசு, கேபிள் சரியில்ல, கஸ்டமர் கத்துறாருன்னு ஆயிரம் காரணம் சொன்னீங்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ரிட்டயர் ஆகி வீட்டுல நிம்மதியா தூங்கிக்கினு இருந்தவளைக் கூப்பிட்டு, "அக்கா, பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க"ன்னு உங்க ரேவதி மேடம் உக்கார வெச்சுட்டாங்க. மேடம் இப்ப இங்க இல்ல, வெளிய போயிருக்காங்க. நல்லதாப் போச்சு. அவங்க பாட்டுப் பாடின கதையையே சொல்றேன்.

எந்த ஒயரை எங்க குத்தணும்னு நான் சொல்லப் போறதில்ல. அது டப்பா மேலயே எழுதி கீது. குத்தறதுக்கு முன்னாடி எங்க நிக்கிறோம்னு பாக்கறது இருக்கே, அதை எந்த டப்பா மேலயும் எழுத மாட்டான்.

தொண்ணூறுகளோட கடைசி அது. தி.நகர்ல உஸ்மான் ரோடுக்குப் பின்னால ஒரு சந்து, கீழ பாத்திரக்கடை, மாடியில நம்ம கடை. நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரி, கம்ப்யூட்டரைக் கழட்டி மாட்டறது என் வேலை. "சாஃப்ட்வேர் பிரிவு"ன்னு தனியா ஒரு போர்டு தொங்கும். பிரிவு மொத்தமும் ரேவதி ஒருத்திதான். கோடம்பாக்கத்துலேருந்து பஸ்ல வருவா, ஒல்லியா, மூக்குல கண்ணாடி நழுவிக்கினே இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போடற புரோகிராம் ஒண்ணு எழுதியிருந்தா. எந்த டீச்சர், எந்த வகுப்பு, எந்தப் பீரியட், எல்லாம் தானா போட்டுடும். ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்ல. எல்லா எடத்துலயும் ஒரே பதில்: "எங்க வைஸ் பிரின்ஸிபால் கையாலயே போட்டுடுவாரும்மா."

கடைசியா மயிலாப்பூர்ல ஒரு பள்ளிக்கூடம் பாக்கறேன்னு சொல்லுச்சு. முதலாளி ரேவதியைக் கூப்பிட்டு, "இதுவும் வேணாம்னா தீபாவளியோட பிரிவை மூடிடலாம்மா. நீ வேற எடம் பாத்துக்க" அப்படின்னுட்டாரு. கோவமாக்கூடச் சொல்லல. டீ குடிச்சுக்கினே சொன்னாரு. அந்தப் பொண்ணு என் பெஞ்சுக்கு வந்து உக்காந்து, "அக்கா, இன்னொரு எடத்துல இதை எழுத விடுவாங்களா?"ன்னு கேட்டா. அன்னிக்கு மயிலாப்பூர்ல தலையாட்டலேன்னா, இன்னிக்கு உங்களுக்கு இந்த ஆபீஸ் இல்ல. அதை நெனப்புல வெச்சுக்கினு கேளுங்க.

அந்தப் பள்ளிக்கூடத்துத் தாளாளர் ஒரு மாமி. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலுல மாவுக்கட்டு. பள்ளிக்கூடம் வர முடியாது, "ஆத்துக்கே வந்து காட்டுங்கோ"ன்னு போன்ல சொன்னாங்க. அதோட ஒரு கண்டிஷன். அவங்களுக்குக் கண்ணுல புரை விழுந்திருந்துச்சு. அந்தக் காலத்து லேப்டாப்பு நேரா மூஞ்சிக்கு எதிர்ல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். தலையைச் சாச்சா எல்லாம் நிழலாட்டம். அதனால மாமி சொன்னாங்க: "எங்காத்து டி.வி.ல காட்டுங்கோ. டி.வி.ல வந்தாத்தான் எனக்குக் கண்ணுக்கும் தெரியறது, நம்பவும் தோண்றது."

எங்க கடையில லேப்டாப் ஏது? முதலாளியோட மச்சான் அமெரிக்காலேருந்து லீவுக்கு வந்திருந்தாரு. அவர் கம்பெனி குடுத்த லேப்டாப். அன்னிக்கு ராத்திரி அவருக்கு ஃப்ளைட். முதலாளி கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிக் குடுத்துட்டு, "செல்வி, ஆறு மணிக்குள்ள இது என் டேபிள் மேல இருக்கணும். இல்லாட்டி நீயும் வராத, அவளும் வர வேணாம்"னாரு. கம்ப்யூட்டர் படத்தை டி.வி.க்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கற ஒரு பெட்டியும் எடுத்துக்கினேன். செங்கல் சைஸ், செங்கல் வெயிட்டு. ஆட்டோல லேப்டாப்பை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினா ரேவதி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முருகா முருகான்னா.

மயிலாப்பூர்ல மாட வீதிக்குப் பக்கத்துத் தெரு. உள்ள போனா நவராத்திரி. கூடத்துல சுவரை அடைச்சுக்கினு கொலு. மாமி எதிர்ல ஈஸி சேர்ல, கட்டுப் போட்ட காலை முக்காலி மேல நீட்டிக்கினு.

"டி.வி. எங்க மாமி?"ன்னு கேட்டேன்.

"கண்ணுக்கு எதிர்லதானே இருக்கு"ன்னாங்க.

பாத்தேன். எனக்குத் தலை சுத்திடுச்சு. அந்த வருஷம் கொலுப்பலகையைக் கரையான் அரிச்சுடுச்சாம். அதனால டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், தையல் மிஷின், எதெது கெடைச்சுதோ அதையெல்லாம் அடுக்கி, வெள்ளை வேட்டியைப் போத்திப் படி கட்டிட்டாங்க. அதுல ஒரு படிக்கு முட்டு, டி.வி.! மரக்கதவு போட்ட அந்தக் காலத்துப் பெரிய பெட்டி. திரை மட்டும் தெரியற மாதிரி வேட்டியைச் சுருட்டி விட்டிருந்தாங்க. டி.வி. தலை மேல தசாவதாரம். கீழ செட்டியார் கடை. நடுவுல கறுப்பா திரை. எல்லாத்துக்கும் மேல கலசம்.

"கொஞ்சம் நகத்திக்கலாமா?"ன்னு வாயை விட்டேன்.

மாமியோட மருமக சமையக்கட்டுலேருந்து கரண்டியோட ஓடி வந்தாங்க. "கலசம் வெச்சாச்சு! விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெக்கறவரைக்கும் படியில இருக்கற எதையும் அசைக்கப்படாது."

சரின்னு தலையாட்டினேன். எங்க வீட்டுல கொலு வெக்கற பழக்கம் இல்ல. கொலுன்னா எனக்குத் தெரிஞ்சது சுண்டல் மட்டும்தான். அந்தம்மா சொன்னதுல பாதியைத்தான் என் மண்டை வாங்கிச்சு. இருக்கறதை எடுக்கக் கூடாதுன்னு புரிஞ்சுது. புதுசா ஒண்ணை வெச்சா அதுவும் அங்கயேதான்னு புரியல.

டி.வி.க்குப் பின்னால கை போகாது. ஆனா மொட்டை மாடி ஆன்டெனாலேருந்து பட்டை ஒயரு ஜன்னல் வழியா வந்து படிக்குப் பின்னால போச்சு. அதைப் புடிச்சு என் பெட்டியோட சேத்துட்டேன். டி.வி.யைப் பொறுத்தவரைக்கும் ரேவதி புரோகிராம் ஒரு சானல் மாதிரி, அவ்ளோதான். ஆனா ஒயரு குட்டை. பெட்டியும் லேப்டாப்பும் எட்டற தூரத்துல வெக்க ஒரு எடம் வேணும். செட்டியாருக்கு வலப்பக்கம், அளந்து விட்டாப்புல காலி எடம். தூக்கி வெச்சேன். மருமக உள்ள வடை தட்டிக்கினு இருந்தாங்க, பாக்கல. மாமி பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல.

அடுத்து டியூனிங். திருகு, திரைக்குக் கீழ செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் நடுவுல. புருஷன் பொண்டாட்டி நடுவுல கையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா திருகினேன். முதல்ல புள்ளி மழை. அப்புறம் படம் உருண்டுச்சு. அப்புறம் நின்னுச்சு. நீலக் கட்டத்துல வெள்ளை எழுத்து, ஆறாம் வகுப்பு ஏ பிரிவு. ரேவதி கண்ணுல தண்ணி. ஏய், அழுவறதுக்கு இதுவா நேரம்னு கிள்ளி விட்டேன்.

மாமி கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கினு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "திங்கக்கிழமை எங்கேம்மா?"

பாத்தா, காணோம்! செவ்வாயிலதான் வாரமே ஆரம்பிக்குது. பழைய டி.வி. எல்லாம் படத்தோட ஓரத்தைக் கொஞ்சம் முழுங்கிடும். அந்த டி.வி. திங்கக்கிழமையை முழுசா முழுங்கிடுச்சு.

"அது உள்ள கீது மாமி. டி.வி. ஓரத்துல மறைஞ்சுகினு கீது"ன்னேன்.

"எங்க ஸ்கூல்ல திங்கக்கிழமை உண்டு"ன்னாங்க மாமி, தீர்ப்பு சொல்ற மாதிரி.

டி.வி.ன்னா இப்படித்தான், ஓரம்னா இப்படித்தான்னு நான் வௌக்கம் சொன்னேன் பாருங்க, அந்த வௌக்கத்தை வெச்சு ஒரு தோசைகூட சுட முடியாது. ரேவதி கொலு ஓரமா மண்டி போட்டு, துப்பட்டா வெளக்குல படாம இடுப்புல சொருகிக்கினு, அங்கயே புரோகிராமைத் திறந்தா. திங்களுக்கு முன்னாடி ஒரு காலிக் கட்டம் போட்டு, மத்த நாளையெல்லாம் நெருக்கி உக்கார வெச்சா. காலிக் கட்டத்தை டி.வி. முழுங்கிச்சு. திங்கக்கிழமை வெளிய வந்துச்சு. "ம், வந்துடுத்து"ன்னாங்க மாமி. கஸ்டமர் திங்கக்கிழமை காணோம்னு சொன்னா, ஏன் காணோம்னு சொல்லிக்கினு நிக்காதீங்க. திங்கக்கிழமையைக் கொண்டாந்து குடுங்க.

இதுக்குள்ள வெத்தலை பாக்கு வாங்கிக்க அக்கம்பக்கத்து மாமிங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. "அடியே, இந்த வருஷம் கம்ப்யூட்டர் கொலுவா!"ன்னு ஒருத்தர் வாசல்லயே கூவினாங்க. அவ்ளோதான், தெருவே வந்துடுச்சு. ஒருத்தங்க திரையைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கினாங்க. ஏழாம் வகுப்பு பி பிரிவு சமூக அறிவியலுக்கு! இன்னொருத்தங்க, "இதுல எங்க பேரன் ராசிக்குப் பலன் வருமா?"ன்னாங்க.

மருமக வெளிய வந்து கூட்டத்தைப் பாத்துட்டு, ரேவதியைப் பாத்தாங்க. "கொலுவுக்கு வந்தா ஒரு பாட்டு பாடணும். பாடும்மா." ரேவதி முழிச்சா. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் சினிமாப் பாட்டு. விடறதா இல்ல அவங்க. கடைசியில ஒரு டூயட்டை எடுத்து, காதலன் வர்ற எடத்துலெல்லாம் "அம்மா"ன்னு போட்டுப் பாடி முடிச்சா. பாதி மாமிங்க பக்தியா தாளம் போட்டாங்க. மீதிப் பாதி பாட்டைக் கண்டுபுடிச்சுட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. இன்னிக்கு மீட்டிங்ல உங்களை மெரட்டறாங்களே, அதே மேடம்தான்.

மணி அஞ்சு ஆகப் போவுது. மாமி கேள்வி கேட்டுக்கினே இருந்தாங்க, எல்லாத்துக்கும் ரேவதி பதில் சொன்னா. "சரி, கடைசியா ஒண்ணு. மழை பெய்யறது, திடீர்னு லீவு விட்டுடறா. அன்னிக்குப் போன பீரியடெல்லாம் எங்கே போய் உக்காரும்? இதுக்குத்தான் எங்க வைஸ் பிரின்ஸிபால் ரூமைச் சாத்திண்டு தலையைப் பிச்சுப்பார். இதைக் காட்டு, மேல பேசலாம்."

ரேவதி காட்ட ஆரம்பிக்கறதுக்குள்ள போன் அடிச்சுது. மருமக எடுத்துட்டு, "உங்க முதலாளி. பொட்டி கெளம்பிடுத்தான்னு கேக்கறார்"னாங்க. "இதோ எடுத்துக்கினு வரேன்னு சொல்லுங்க"ன்னு நான் லேப்டாப் பக்கம் கையை நீட்டினேன். அப்பதான் அந்தம்மா அது எங்க கீதுன்னு பாத்தாங்க.

"ஐயையோ! படியில வெச்சுட்டேளா? படியில வெச்சதை எடுக்கப்படாதே!"

போன் ரிசீவர் இன்னும் அவங்க கையில. அதுலயே முதலாளிகிட்ட, "சார், உங்க பொட்டி கொலுவுல இருக்கு. விஜயதசமி ஆனப்புறம் அனுப்பறோம்"னாங்க. ரிசீவருக்குள்ளேருந்து வந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டுச்சு. அவங்க நிதானமா வெச்சுட்டாங்க.

நான் மாமியைப் பாத்தேன். மாமி, "எனக்கு ஒண்ணுமில்லேம்மா. ஆனா கட்டுக்காலோட உக்காந்திருக்கேன், இந்த வருஷம் எதுவும் குத்தமாப் போகப்படாதுன்னு அவ பயப்படறா. எப்படி எடுன்னு சொல்லுவேன்?"னாங்க. வந்த மாமிங்க எல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டினாங்க.

நெலமையைப் பாருங்க. லேப்டாப்பை வெடுக்குன்னு எடுத்தா மாமி மனசு கோணும், ரேவதி வேலை போச்சு. எடுக்காம போனா முதலாளி ரெண்டு பேரையும் தொரத்திடுவாரு, அப்பவும் ரேவதி வேலை போச்சு. அமெரிக்காக்காரர் வேலை வேற தொங்குது. எனக்கு வந்த ஆத்திரத்துல செட்டியாரை முறைச்சேன். அந்தாளு அரிசி பருப்பை முன்னால வெச்சுக்கினு குண்டா சிரிச்சுக்கினு இருந்தாரு. ரேவதி என் கையைப் புடிச்சுக்கினு, "விட்டுடலாம்க்கா. நான் போய் முதலாளிகிட்ட பேசறேன். என் வேலைதானே"ன்னா. அதைக் கேட்டதும்தான் எனக்கு மண்டை வேலை செஞ்சுது. ஒருத்தங்க வீட்டுச் சட்டத்தோட மல்லுக்கு நின்னா ஜெயிக்க முடியாது. வெளிய போற வழியும் அந்தச் சட்டத்துலதான் இருக்கும். விஜயதசமி வந்து படுக்க வெச்சுட்டா எடுக்கலாம், அதைத்தானே அந்தம்மா நாம வந்ததுலேருந்து சொல்றாங்க?

ரேவதி காதுல சொன்னேன். அவ மொதல்ல என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தா. அப்புறம் கண்ணாடியை மேல தள்ளிட்டு, லேப்டாப்போட தேதியை மாத்தினா. புரோகிராமைத் திரும்பத் தொறந்தா.

செட்டியார் தலைக்கு மேல, தசாவதாரத்துக்குக் கீழ, கொட்டை எழுத்துல வந்துச்சு: இன்று விஜயதசமி. விடுமுறை.

மாமிங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க.

"மாமி, நீங்க கேட்ட லீவு. இன்னிக்குப் போன பீரியடெல்லாம் எங்க போவுதுன்னு பாருங்க"ன்னா ரேவதி. பட்டனைத் தட்டினா. அன்னிக்கு இருந்த கணக்கு, இங்கிலீஷ், சயின்ஸ் எல்லாம் கெளம்பி அடுத்த வாரத்துக்குப் போய், ஒவ்வொண்ணா உக்காந்துச்சு. எங்க தெரியுமா? பி.டி. பீரியட்ல.

மாமிக்குச் சிரிப்பு தாங்கல. கட்டுப் போட்ட கால் முக்காலி மேல குலுங்குது. "அடடா! பி.டி. பீரியடைத் திருடறதுக்குக்கூடத் தெரியறதே! இது நெஜமாவே ஸ்கூல் தெரிஞ்ச பொட்டிதான்."

நான் அந்தச் சூட்டோடயே சொன்னேன்: "மாமி, இந்தப் பொம்மைக்கு இன்னிக்கு விஜயதசமி. படுக்க வெச்சுடலாமா?"

மருமக விடல. "பஞ்சாங்கத்துல இன்னும் நாள் இருக்கே!"

மாமி சிரிப்பை நிறுத்திட்டு நிமிந்து உக்காந்தாங்க. "அது நம்மாத்துப் பஞ்சாங்கம்டி. இதோட பஞ்சாங்கம் இதுக்குள்ளயே இருக்கு. நம்ம கண்ணு முன்னாடி டி.வி.லயே வந்துடுத்து, அப்புறம் என்ன? முறையா படுக்க வெச்சு அனுப்பு."

டி.வி.ல வந்ததுக்கு அப்பீல் ஏது! மருமக மஞ்சள் குங்குமம் எடுத்துக்கினு வந்து லேப்டாப் மேல வெச்சாங்க. ஒரு மாமி நீலாம்பரியில தாலாட்டே பாடினாங்க. ஆரத்தி சுத்தினாங்க. ரேவதி மெதுவா மூடியைச் சாச்சா. டி.வி.ல புள்ளி மழை பெஞ்சுது. லேப்டாப் படுத்துடுச்சு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, வெக்கமா இருந்துச்சு.

"படியில எடம் காலியா இருக்கப்படாது"ன்னு மருமக கடைசியா ஒரு குண்டு போட்டாங்க. செங்கல் பெட்டியை அங்கயே விட்டுட்டேன். பச்சை வெளக்கு எரிய, செட்டியாருக்குப் பக்கத்துல சமத்தா உக்காந்துச்சு. ஆட்டோல திரும்பி வர்றப்பதான் உறைச்சுது. ஆன்டெனா ஒயரை அந்தப் பெட்டியோட முடிஞ்சு வெச்சுருக்கேன். இனி அதையும் எடுக்க முடியாது. நவராத்திரி முடியறவரைக்கும் அந்த வீட்டுல டி.வி. கெடையாது.

ஆறு மணிக்கு முன்னாடியே லேப்டாப்பை டேபிள் மேல வெச்சேன். முதலாளி கத்தறதுக்கு வாயைத் தொறந்தவர், மூடி மேல இருந்த குங்குமத்தைப் பாத்துட்டுக் கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. தேதியைப் பழையபடி மாத்த நாங்க மறந்துட்டோம். மச்சான் அமெரிக்கா போய் அனுப்பின மெயிலெல்லாம் அடுத்த வாரத்துலேருந்து வந்துச்சாம். அவங்க ஆபீஸ்ல என்ன பேசிக்கினாங்களோ, எனக்குத் தெரியாது.

நெஜ விஜயதசமி அன்னிக்குக் காலையில மாமி பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாங்க. ஒரு பக்கம் சின்னப் புள்ளைங்க அப்பா மடியில உக்காந்து அரிசியில 'அ' எழுதுதுங்க. இன்னொரு பக்கம் ரேவதி ஆபீஸ் ரூம்ல புரோகிராமைப் போடறா. மாமி கட்டுக்காலோட, நாலு பேர் தூக்கின நாற்காலியில வந்து இறங்கினாங்க. எங்களைப் பாத்ததும், "உங்க பொட்டிக்குத்தான் போன வாரமே விஜயதசமி ஆயிடுத்தே, இன்னிக்கு எதுக்கு வந்தேள்?"னாங்க. சிரிக்கவே இல்ல. பின்னாலயே மருமக: "நாளைக்கு முதல் வேலையா ஆத்துக்கு வந்து அந்த ஒயரைப் பிரிச்சு விடுங்கோ. என் சீரியல்ல யார் செத்தா, யார் இருக்கான்னே தெரியலே."

புரோகிராம் போட்டு முடிச்சதும் ரேவதி, டி.வி.க்காகப் போட்ட அந்தக் காலிக் கட்டத்தை எடுக்கப் போனா. கம்ப்யூட்டர் திரை எதையும் முழுங்காதே, இனி எதுக்கு? மாமி தடுத்தாங்க. "அது இருக்கட்டும்மா. திங்கக்கிழமை பத்திரமா இருக்கட்டும்."

அதுதான் கதை. அந்த மாமி இப்ப இல்ல. பிரிவு மூடல, பெருசாச்சு. அப்புறம் ரேவதி தனியா வந்து இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சா, என்னையும் கையோட கூட்டிக்கினு வந்தா. இப்ப எத்தனையோ ஊர்ப் பள்ளிக்கூடத்துல நம்ம டைம்டேபிள் ஓடுது. இன்னிக்கு நான் வர்றப்ப வாசல்ல ஒரு புதுப் பையன் என்கிட்ட கேட்டான்: "அக்கா, திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒரு வெத்துக் கட்டம் இருக்கே, அது தப்புதானே, அழிச்சுடட்டுமா?"

கை வெச்சே, உன் கையை ஒடிச்சுடுவேன். படியில வெச்சதுடா அது.